பவளத்தின் மேல் படரும் பாசி

மன்னார்குடிப் பக்கத்து வாசகருக்குப் பாசி இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. படித்துறையில் கால் வைத்தால் வழுக்குவது அது. கோடையில் தேங்கிய குட்டையைப் பச்சைக் குழம்பாக்குவது அது. நாற்றங்காலில் முளைத்த நாற்றை எழும்ப விடாமல் பாய்போல் விரிந்து அமுக்குவதும் அதுவே. விவசாயிகள் அதற்கு ஒரு கைவைத்தியம் செய்வார்கள். மயில்துத்தத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டி, நீர் பாயும் மடைவாயில் போட்டு வைப்பார்கள். மூட்டை வழியே நீர் ஓட ஓட, துத்தம் சிறிது சிறிதாகக் கரைந்து வயலெங்கும் பரவும். பாசி வெளுத்து அழியும்.

ஆனால் இதே பாசி நமக்கு எதிரி மட்டுமன்று. 1939-இல் பி. கே. டே என்னும் வங்காளத்து விஞ்ஞானி, நீர் நிற்கும் நெல்வயல்களில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். யூரியா மூட்டையைக் காணாத காலத்திலும் ஒரே வயலில் ஆண்டுதோறும் நெல் விளைந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆக, ஒரே வயலில் ஒரு பாசி உரமாகிறது, இன்னொரு பாசி களையாகிறது.

இந்த இரட்டை வாழ்க்கை வயலைவிடக் கடலில் இன்னும் கூர்மையாக நடக்கிறது. அங்கே பவளம் என்னும் உயிர், தன் உடலுக்குள் ஒரு பாசியை வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறது. அதே பவளத்தை வெளியிலிருந்து மற்றொரு பாசி வந்து மூடினால் மடிகிறது. அப்படியானால் உள்ளிருக்கும் பாசிக்குத் தீங்கு வராமல் வெளிப்பாசியை மட்டும் எப்படி நீக்குவது? வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மென்பவளம் வளர்ப்பவரும், மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காக்கும் வனத்துறையினரும் எதிர்கொள்வது இந்த ஒரே கேள்வியைத்தான். அதன் வரலாறு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அது தொடங்குவது, வியப்பாக இருக்கிறதல்லவா, ஒரு குளத்து நத்தையில்!

நத்தை செய்த உபகாரம்

நீர்வாழ் உயிர்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆராயும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ழான் வில்ப்ரே-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. 1832-இல் சிசிலித் தீவில், ஆர்கொனாட் என்னும் கணவாய் இனத்து உயிரைக் கவனிக்க அவர் கண்ணாடித் தொட்டி செய்தார். ஆனால் அத்தகைய தொட்டிகளில் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாமலே உயிர்களை நெடுநாள் வைத்திருக்க முடியுமா?

இதற்கு விடை தேடியவர் லண்டனிலிருந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். செடி பிராணவாயுவைத் தரும், மீன் கரியமில வாயுவைத் தரும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று வாழவைக்கும் என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ 12 காலன் நீர் கொள்ளும் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் விட்டார். கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. தொட்டியில் என்ன ஆயிற்று? செடியின் பழைய இலைகள் அழுகின. நீர் கலங்கியது. கண்ணாடியின் உட்புறத்திலும் நீர்ப்பரப்பிலும் வழவழப்பான பாசி படர்ந்தது.

வாரிங்டன் மருந்து எதையும் தேடவில்லை. குளங்களில் இந்தக் கசடு ஏன் சேர்வதில்லை என்று யோசித்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். அவை அழுகிய இலையைத் தின்றன, பாசியை மேய்ந்தன, நீர் தெளிந்தது. 1850-இல் லண்டன் இரசாயனக் கழகத்தின் முன் இந்த முடிவைத் தெரிவித்தார். செடி, மீன் என்று இரண்டோடு முடியும் கணக்கில் மூன்றாவதாக ஒரு மேய்ப்பன் வேண்டும் என்பதுதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பாடநூல்கள் பிராணவாயுவைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும். நத்தையை ஒரு வரியில் தாண்டிவிடும்.

அடுத்து வந்த பிலிப் ஹென்றி காஸ் கடல்நீர்த் தொட்டிகளைப் பிரபலமாக்கினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சிசாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே காஸின் நூல் வெளிவந்து, வீடுதோறும் தொட்டி வைக்கும் மோகத்தைக் கிளப்பியது. கடல்நத்தை தன் அரம்போன்ற நாக்கை நீட்டி, கண்ணாடியில் படிந்த பச்சையை வரிவரியாக அறுத்துச் செல்வதை அவர் உருப்பெருக்கியில் பார்த்து வியந்தார். கதிர் அறுப்பவர் வயலில் பிடிபிடியாக முன்னேறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் காட்சியை எளிதில் கற்பனை செய்துகொள்ள முடியும்.

இந்தியாவில் கடல்வாழ் உயிர்களுக்கான முதல் காட்சிசாலை 1909-இல் சென்னை மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது அது. நம் கடலின் வண்ண மீன்களைப் பொதுமக்கள் முதன்முதலாகக் கண்ணாடி வழியே பார்த்தது அங்கேதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

துத்தம் ஏன் உதவாது?

வயலில் உதவும் துத்தத்தைத் தொட்டியில் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1904-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர், குடிநீர்த் தேக்கங்களில் சேரும் பாசியை மிகச் சிறிதளவு தாமிர சல்பேட்டால் ஒழிக்கலாம் என்று விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். பல நாட்டு நீர்த்தேக்கங்கள் அதைப் பின்பற்றின.

பவளத் தொட்டியில் இது நடக்காது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு தாமிரம் இருந்தாலே, மீன் தாங்கும். நத்தை, இறால், பவளம் ஆகியவை மடியும். போதாக்குறைக்குத் தாமிரம் தொட்டியின் சுண்ணக் கற்களில் ஒட்டிக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல வெளிவரும். நத்தையைக் கொன்றுவிட்டுப் பாசியைக் கொல்வது, வரப்பை வெட்டிவிட்டு எலியைப் பிடிப்பது போலத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பவளம் என்பது செடியன்று, கல்லுமன்று, விலங்கு. சிறு குழாய்போன்ற உடலும், வாயைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட பாலிப்புகளின் கூட்டம் அது. அந்தப் பாலிப்புகளின் திசுக்களுக்குள் பழுப்புப்பொன் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் உள்ளன. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பிராண்ட் 1881-இல் இவற்றைப் பாசிகள் என்று உணர்ந்து ஜூசாந்தெல்லா என்று பெயரிட்டார். பவளத்தின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இவை பத்து இலட்சம் என்ற அளவில் இருக்கும்.

இவற்றால் பவளத்துக்கு என்ன பயன் என்பதில் நெடுங்காலம் வழக்கு நடந்தது. 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற யங் என்பவரின் குழு, பவளம் இந்தப் பாசிகளைத் தின்பதில்லை என்று கண்டது. அவை பவளத்தின் கழிவுகளை அகற்றும் தோட்டிகள் என்று யங் கருதினார். 1944-இல் ஜப்பானின் கவகுதி, இப்பாசிகளைத் தனியே வளர்த்து, அவை இரட்டைக் கசையிழைகளால் நீந்தும் டைனோபிளாஜெல்லேட்டுகள் என்று நிறுவினார். கதிரியக்கக் கார்பன் என்னும் புதிய கருவி கைக்கு வந்த பிறகே வழக்கு தீர்ந்தது. பவளத்துக்கு உறவான கடற்சாமந்தியில், பாசி சூரிய ஒளியால் தயாரித்த உணவு விலங்கின் திசுவுக்குள் நேரே போய்ச் சேருவதை மஸ்கட்டைன், ஹாண்ட் ஆகிய இருவர் 1958-இல் காட்டினார்கள். பவளத்திலும் அவ்வாறே, அதன் ஆற்றலில் பெரும்பகுதி இந்த உள்வீட்டுப் பாசியிடமிருந்து வருகிறது. எனவே பாசியைக் கொல்லும் எந்த மருந்தும் பவளத்தின் சமையற்கட்டிலேயே கைவைக்கிறது.

வீட்டுத் தொட்டியில்

பவளத்தை வீட்டில் உயிரோடு வைத்திருக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் நம்மைப்போல் வெப்ப நாட்டுக்காரர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தம் முறையை எழுதினார். வடிகட்டிகளின் ஆர்ப்பாட்டம் இல்லை. கடலிலிருந்து உயிரோடு எடுத்த கற்கள், கடல்நீர், வெயில், மெல்லிய காற்றுக் குமிழ்கள். இவ்வளவுதான். கல்லில் வாழும் பாக்டீரியாக்களும் சிறு புழுக்களும் நத்தைகளும் கழிவைக் கவனித்துக்கொண்டன. வாரிங்டனின் குளத்தை லீ கடலுக்கு மாற்றியதாகச் சொல்லலாம்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி வேறொரு தந்திரம் செய்தார். பாசி எப்படியும் வளரத்தான் போகிறது. அது நாம் சொல்லும் இடத்தில் வளரட்டுமே! தொட்டியின் நீரை விளக்கொளி படும் ஒரு வலைத்தட்டின் மேல் ஓடவிட்டார். அங்கே பாசி செழித்து வளர்ந்து, நீரிலிருந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொண்டது. அவ்வப்போது தட்டை எடுத்துச் சுரண்டி எறிந்தால், தொட்டிக்குள் பவளத்தின் மேல் வளரப் பாசிக்கு உணவு இல்லை. 1980 வாக்கில் இந்த முறையில் ஒரு பெரிய பவளத்தொட்டி அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

மென்பவளங்களுக்கென்று ஒரு தனித்திறமை உண்டு. இவை கல்லெலும்புக்கூடு கட்டுவதில்லை. சதைக்குள் நுண்ணிய சுண்ண முட்கள் மட்டும் இருக்கும். பாலிப்புக்கு எட்டு உணர்கொம்புகள். குடைக்காளான்போல் நிற்கும் சார்க்கோபைட்டான் என்னும் தோல்பவளத்தைக் கவனியுங்கள். திடீரென்று பாலிப்புகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, சுருங்கி, மெழுகு பூசியதுபோல் மங்கிப்போய் நிற்கும். பார்ப்பவர் செத்துவிட்டதென்று எண்ணுவர். சில நாட்கள் கழித்து அந்த மெழுகுத்தோல் உரிந்து விழும். அதன்மேல் ஒட்டியிருந்த பாசியும் அழுக்கும் அதனுடன் போய்விடும். புதுத்தோலுடன் பாலிப்புகள் மலரும். நாம் செய்ய வேண்டியது, தோலை அடித்துச் செல்லும் அளவுக்கு நீரோட்டம் இருக்கச் செய்வது ஒன்றே.

தானாக உரியாத இனங்களில் கைவேலை தேவை. பவளம் ஒட்டியுள்ள கல்லோடு அதைத் தூக்கி, அதே தொட்டியின் நீர் நிரப்பிய வேறொரு பாத்திரத்தில் வைத்து, நீருக்குள்ளேயே விரலாலோ இடுக்கியாலோ நூற்பாசியை அடியோடு பிடுங்க வேண்டும். கல்லை மட்டும் மென்மையான பல்துலக்கியால் தேய்க்கலாம். சதையைத் தேய்க்கக் கூடாது. தொட்டிக்குள் வைத்தே பிய்த்தால், ஒவ்வொரு துணுக்கும் மிதந்துபோய் வேறொரு பவளத்தில் பிடித்துக்கொள்ளும். இந்தத் துணுக்கு விஷயத்தை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு தீவின் கதையில் இது பெரிதாக வரும்.

பிடுங்கியபின் வாரிங்டனின் மேய்ப்பர்களை விட வேண்டும். தீனியைக் குறைக்க வேண்டும். மீன் தின்னாமல் விட்ட ஒவ்வொரு துணுக்கும் பாசிக்கு உரம். தொட்டியை நிரப்பக் கிணற்று நீரை ஊற்றுவோர் அதில் எவ்வளவு நைட்ரேட் உள்ளது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வயல் சூழ்ந்த ஊர்களில் யூரியா நிலத்தடி நீர்வரை இறங்குவதுண்டு. ஆகவே டெல்டாக்காரருக்கு இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமன்று.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துள்ளன. கடலில் இவற்றை உடைத்துக் கொண்டுவருவது குற்றம்.

ஹானாவின் மரணப் பாசி

இங்கே ஓர் எச்சரிக்கை. பொத்தான்களை நெருக்கி வைத்தாற்போல் பாறையில் பரவும் ஜோவாந்திடுகள் என்னும் உயிர்கள் உண்டு. கண்டிப்பாகச் சொன்னால் இவை மென்பவளங்கள் அல்ல, உறவினர். நம் மண்டபம் கடற்கரைப் பாறைகளிலும் இவற்றைக் காணலாம். இவற்றின் மேல் பாசி படர்ந்தால் பலர் கல்லை வெளியே எடுத்து அழுத்தித் தேய்க்கிறார்கள், வெந்நீர் ஊற்றுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து.

ஹவாயின் மாவி தீவில் ஹானா என்னும் ஊரருகே ஒரு பாறைக்குழி இருந்தது. அதில் வளர்ந்த ஒன்றை ஊரார் 'ஹானாவின் மரணப் பாசி' என்று அழைத்தனர். அதை ஈட்டிமுனையில் தடவினால் காயம் பட்டவர் பிழைக்கமாட்டார் என்று சொல்லி வந்தனர். அந்தக் குழியைத் தொட்டால் கேடு வரும் என்றும் ஊரில் நம்பிக்கை. 1961 டிசம்பர் 31 அன்று ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மாதிரி எடுத்தனர். அன்றைக்கே, வெகுதொலைவில் கோக்கனட் தீவிலிருந்த அவர்களுடைய கடலாய்வுக்கூடத்தின் முக்கியக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது! தற்செயல்தான், ஆனால் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்ட ஆய்வாளரே இல்லை எனலாம்.

மாதிரியைப் பரிசோதித்தபோது அது பாசியே அன்று, பாலித்தோவா என்னும் ஜோவாந்திடு என்று தெரிந்தது. அதிலிருந்து 1971-இல் மூர், ஷாயர் இருவரும் பிரித்தெடுத்த பாலிடாக்சின், இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று. அழுத்தித் தேய்க்கும்போதும் சூடாக்கும்போதும் நச்சு நீர்த்திவலையோடு காற்றில் பரவி நுரையீரலுக்குள் போகிறது. மேலைநாடுகளில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் வீட்டோடு மருத்துவமனையில் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. எனவே இவ்வகை உயிர்களைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். நீருக்கு வெளியே தேய்க்காதீர்கள். கொதிநீர் கூடவே கூடாது.

குருசடைத் தீவில் நடந்தது

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னார்குடியைத் தொட்டு ஓடும் பாமணியாறு, கோரையாற்றுடன் சேர்ந்தாற்போல் தெற்கே முத்துப்பேட்டைக் காயலில் கலந்து பாக் நீரிணையை அடைகிறது. அந்தக் கரையோரமாகவே தெற்கே போனால் மண்டபம், பாம்பன். பாம்பனுக்கு அப்பால் மன்னார் வளைகுடா. அதன் வாசலில் உள்ளது குருசடைத் தீவு.

தமிழ்நாட்டின் கடலுயிரியல் வளர்ந்தது இந்தச் சிறு தீவில்தான் என்றால் மிகையாகாது. சென்னை மாகாண மீன்வளத்துறை அங்கே ஓர் ஆய்வு நிலையம் வைத்திருந்தது. 1927-இல் சென்னை அருங்காட்சியகம், கிரேவ்லியின் பொறுப்பில், குருசடைத் தீவின் உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. அதில் அத்தீவின் கடற்பாசிகளைப் பற்றி எழுதியவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். ஆக, நம் நாட்டில் பவளத்தையும் பாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்த முதல் இடங்களில் ஒன்று குருசடை.

இதே கரையில் மீனவப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டைக்கோரை, கஞ்சிப் பாசி ஆகியவற்றைச் சேகரித்து விற்று வந்தார்கள். அது கையும் காலும் பாறையில் கிழிபடும் வேலை. 1986-இல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், பாசி எடுக்கப் போவதற்கும் தடை வந்தது.

இந்நிலையில் வந்து சேர்ந்தது கப்பாபைகஸ் அல்வாரேசி என்னும் அயல்நாட்டுச் சிவப்புப் பாசி. இதன் பிறப்பிடம் பிலிப்பைன்ஸ் பக்கம். ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்க உதவும் காரஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் இதை ஜப்பானிலிருந்து வருவித்து, முதலில் குஜராத் கரையில் சோதித்து, பின்னர் மண்டபத்தில் வளர்த்தது. 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் இதை வணிகமுறையில் எடுத்துக்கொண்டது. கரையோர மக்கள் இன்றும் அதைப் 'பெப்சி பாசி' என்றுதான் சொல்கிறார்கள்.

முறை எளிது. மூன்று மீட்டர் சதுரத்தில் மூங்கில் மிதவை. அதில் கயிறு கட்டி, 60 கிலோ விதைப்பாசியைத் துண்டுதுண்டாக முடிவார்கள். 45 நாளில் நான்கு மடங்காகும். சுயஉதவிக் குழுப் பெண்களின் கையில் முதன்முறையாகத் தவறாத வருமானம் வந்தது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தொலைவிலிருந்து பவளத்துக்காகப் பேசுவோர் பலர் அந்தப் பெண்களின் அடுப்பை நினைப்பதில்லை.

எச்சரிக்கைக் குரல்கள் சீக்கிரமே எழுந்தன. 2005-இல் தமிழக அரசு, இந்தப் பாசியைப் பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என வரையறுத்தது. ஆனால் துணுக்குகளுக்கு அரசாணை தெரியாதே! 2008-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் சந்திரசேகரனும் உடன் ஆய்வாளர்களும், குருசடைத் தீவில் கிளைப்பவளங்களின்மேல் கப்பாபைகஸ் பாய்விரித்துவிட்டதை அறிவித்தனர். பவளக் கிளையை அது கெட்டியாகப் பற்றிக்கொண்டு, தடித்த விரல்கள்போல் கிளைத்து மூடியிருந்தது. கீழே வெளிச்சமில்லை, உள்வீட்டுப் பாசிக்கு வேலையில்லை, பவளம் பட்டினி.

2010-இல் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினார்கள். பரவியிருப்பது தீவின் மிகச் சிறிய ஒரு பரப்பில்தான், இதனால் பெரும் படையெடுப்பு நேராது என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் அளந்தவர்களே. இங்கே கவனிக்க வேண்டியது வேகம். நல்ல சூழலில் எடை இரண்டு மூன்று வாரத்தில் இரட்டிக்கும் ஓர் உயிரைப் பற்றிப் பேசும்போது, இன்று எவ்வளவு என்பதைவிட நாளை எவ்வளவு என்பதே கேள்வி. பின்னர் அருகிலுள்ள சிங்கில் தீவு முதலிய இடங்களிலும் அது காணப்பட்டது. இந்த வழக்கில் என் மனம் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பக்கமே சாய்கிறது.

அதற்கு ஹவாயின் அனுபவமும் காரணம். பிலிப்பைன்ஸில் இந்தப் பாசி வேளாண்மையை வளர்த்தெடுத்த அறிஞர் மேக்ஸ்வெல் டோட்டி, 1974-இல் இதைத் தீக்கதை நடந்த அதே கோக்கனட் தீவுக்குச் சோதனைக்காகக் கொண்டுவந்தார். ஆழமான கால்வாய்களைத் தாண்டி இது பரவாது என்று 1983-இல் ஓர் ஆய்வு நம்பிக்கை தெரிவித்தது. 1999-இல் வெளியான ஆய்வின்படி அது ஆறு கிலோமீட்டர் சென்றிருந்தது. ஆண்டுக்கு 250 மீட்டர். மெதுவான நடைதான், ஆனால் நிற்கவில்லை.

அங்கே அகற்றிய விதமும் சுவையானது. ஒரு தெப்பத்தில் பெரிய உறிஞ்சும் இயந்திரம். கீழே முக்குளிப்போர் பாசியைப் பிய்த்துக் குழாயின் வாயில் ஊட்டுவார்கள். மேலே அது கொட்டும் மேசையில் சிக்கிய சிறு மீன்களையும் நண்டுகளையும் பொறுக்கிக் கடலிலேயே விடுவார்கள். பாசி, கிழங்கு பயிரிடும் விவசாயிகளுக்கு எருவாகப் போயிற்று. குழாயில் உறிஞ்சுவதால் துணுக்குகள் சிதறவில்லை. ஆனாலும் கல்லிடுக்கில் எஞ்சிய வேரடி மறுபடி தளிர்த்தது. ஆகவே குஞ்சுப்பண்ணையில் வளர்த்த உள்நாட்டுக் கடல் முள்ளெலிகளை ஆயிரக்கணக்கில் பவளத்தில் விட்டார்கள். பிடுங்கல், மேய்ச்சல் இரண்டும் சேர்ந்த திட்டில் அயல்பாசி 85 சதவீதம் குறைந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வாரிங்டன் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

முள்ளெலி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ஜமைக்கா கண்டது. 1983-84-இல் கரீபியன் கடல் முழுவதும் ஒரு கொள்ளைநோயில் நீள்முள் கடல் முள்ளெலிகள் ஏறக்குறைய அடியோடு மடிந்தன. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1970-களின் இறுதியில் ஜமைக்காப் பாறைத்திட்டில் 52 சதவீதம் இருந்த பவளம் 1990-களின் தொடக்கத்தில் 3 சதவீதமாயிற்று. பாசி 4-லிருந்து 92 சதவீதமாயிற்று. நம் கடலில் ஓரா மீனும் கிளிமீனும் செய்யும் மேய்ச்சலின் மதிப்பு இந்த எண்களில் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் இயந்திரம் இல்லை, கைதான். வனத்துறையும், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் முக்குளிப்போரை இறக்கி, பவளக் கிளைகளிலிருந்து பாசியைப் பிய்த்து, சாக்கில் திணித்து, கரைக்குக் கொண்டுவரச் செய்கின்றன. கிளைப்பவளம் மெலிந்தது, பாசியை இழுத்தால் கிளையே ஒடியும். விட்டுவிட்டுப் பிய்த்தால் வேரடி தங்கும். களை பறிப்பவரின் பொறுமையும் பூத்தொடுப்பவரின் விரலும் வேண்டும்.

வெப்பமும் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர். 2013-ஐ ஒட்டிச் சூடான கடலில் பண்ணைப் பாசியே பெருவாரியாக அழுகி, உற்பத்தி சரிந்தது. 2016-இல் வெப்பத்தால் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன; அதாவது உள்வீட்டுப் பாசியை வெளியே துரத்திவிட்டன. ஏறத்தாழ 16 சதவீதம் மீளவில்லை. வெற்றான பவளக்கல்லில் முதலில் குடியேறுவது வெளிப்பாசியே. 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரின் பெருக்கம் அது. மிதந்து மடிந்த அவ்வுயிர்கள் அழுகியபோது நீரின் பிராணவாயு ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, சிங்கில் தீவருகே மீன்களும் பவளங்களும் மூச்சுமுட்டிச் செத்தன. இதைப் பிடுங்க எந்தக் கையாலும் முடியாது.

பாசி வளர்ப்போ நிற்கப்போவதில்லை. 2023-இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் கடலுக்கே உரிய கஞ்சிப் பாசி போன்றவற்றை மிதவையில் வளர்க்கும் முயற்சிகளும் அதே கரையில் நடக்கின்றன. அவற்றின் துணுக்கு அறுந்து மிதந்து தீவுக்குப் போனாலும், அதைத் தின்று பழகிய ஓரா மீன் அங்கே காத்திருக்கும்.